இலக்குத் தவறிய பந்து

மனிதன் தன் செயலுக்கு மட்டும் பொறுப்பாளியா, அச்செயலின் விளைவுக்கும் பொறுப்பாளியா என்னும் வினா இஸ்லாமியச் சிந்தனையாளர்களை நெடுங்காலம் ஆட்கொண்ட வினாவாகும். பஸராவிலும் பக்தாதிலும் வாழ்ந்த மேதைகள் அதுபற்றி வாதிட்டனர். நூல்கள் பல யாத்தனர். அதே வினா, நூல்களின் துணை ஏதுமின்றி, சேலத்திலும் நாமக்கல்லிலும் உள்ள பள்ளிக்கூட மைதானங்களில் மாலைதோறும் எழுந்துகொண்டிருக்கிறது. பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் கோலை நோக்கிப் பந்தை உதைக்கிறான். பந்து கம்பத்தை உரசினாற்போல் வெளியே போகிறது. பயிற்சியாளர் வாய் திறக்கிறார். அவர் வாயினின்று வெளிப்படும் முதற்சொல் எதுவாக இருத்தல் வேண்டும்? அச்சொல்லுக்குப் பின்னால் ஓர் அறக்கொள்கை இருக்கிறது. சொல்பவர் அதனை அறிந்திருந்தாலும் சரி, அறியாதிருந்தாலும் சரி.

சேர்வராயன் மலையடிவாரத்திலிருந்து ராசிபுரம் வழியாக நாமக்கல் வரையிலும், மேற்கே திருச்செங்கோடு வரையிலும் விரிந்து கிடக்கும் இச்சமவெளி கால்பந்துக்குப் பேர்போன நிலமன்று. சின்னப்பம்பட்டி நடராஜன் கிரிக்கெட்டிலும், பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலு உயரம் தாண்டுதலிலும் சேலத்தின் பெயரை உலகுக்கு எடுத்துச் சென்றனர். கால்பந்தாடும் பிள்ளைகளோ பெரும்பாலும் வலையில்லாத கம்பங்களின் முன்னே, புல் முளைக்காத செம்மண் தரையில் ஆடுகின்றனர். சில இடங்களில் இரண்டு செருப்புகளே கோலாக அமைகின்றன. எனினும் அவர்கள் உதைக்கும் பந்தின்மீது பெரிய பாரம் ஏற்றப்பட்டிருக்கிறது. மாவட்ட அணியில் இடம், விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி, பின்னர் ஓர் அரசு வேலை என்று, லாரிப் பட்டறையிலும் கோழிப்பண்ணையிலும் ஜவ்வரிசி ஆலையிலும் உழைக்கும் தந்தையர் கனவு காண்கின்றனர். அக்கனவில் குற்றம் ஏதுமில்லை. ஆனால் அக்கனவு முழுவதையும் ஒரு சிறுவனின் வலக்காலில் கட்டிவிட்டு, பந்து வெளியே போகும்போதெல்லாம் அவனைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது முறையா என்பதே நாம் ஆராய வேண்டியது.

முதலில், கோல் அடிக்கக் கற்பித்தல் என்றால் என்ன என்பதைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். கோலின் அகலம் 7.32 மீட்டர், உயரம் 2.44 மீட்டர். பெனால்டிப் புள்ளியிலிருந்து அதன் தொலைவு 11 மீட்டர். இவ்வளவு பெரிய வாயிலுக்குள் ஒரு பந்தைச் செலுத்த இயலாதா என்று கோட்டுக்கு வெளியே நிற்பவருக்குத் தோன்றும். உதைப்பவன் நிலையோ வேறு. அவனது ஊன்றுகால் பந்தின் பக்கத்தில், இலக்கை நோக்கிப் பதிய வேண்டும். பந்துக்கு மிகவும் பின்னே ஊன்றினால் உடல் பின்னோக்கிச் சாய்ந்து பந்து மேலே பறந்துவிடும். உதைக்கும் காலின் கணுக்கால் தளராமல் இறுகியிருக்க வேண்டும். பந்தைத் தொடும் கணத்தில் கண் பந்தின்மீது இருக்க வேண்டும். அதற்கு முன்னரே கோல் கீப்பர் நிற்கும் இடத்தை ஒருமுறை பார்த்திருக்க வேண்டும். வேகம் வேண்டுமாயின் பாதத்தின் மேற்புறத்தாலும், குறி வேண்டுமாயின் பாதத்தின் உட்புறத்தாலும் அடித்தல் நலம். பக்கவாட்டிலிருந்து பாய்ந்து வருபவன் தொலைவிலுள்ள கம்பத்தை நோக்கித் தாழ்வாக அடித்தால், கோல் கீப்பர் தடுத்தாலும் பந்து தெறித்து அணித்தோழன் ஒருவனின் காலடிக்கு வர வாய்ப்புண்டு.

இவையனைத்தும் கற்பிக்கத் தக்கவை. பழகப் பழகக் கைவருபவை. இவற்றுள் ஒன்றேனும் கோலன்று என்பதை நோக்குக. பயிற்சியாளர் கற்பிப்பது காலின் செயலை, கண்ணின் செயலை, மனத்தின் தேர்வை. கோல் என்பது இவற்றுக்கு அப்பால் நிகழ்வது. செம்மண்ணில் கிடக்கும் ஒரு சிறுகல், திடீரென வீசும் காற்று, எதிரணிச் சிறுவனின் நீண்ட கை, கம்பத்தின் அரை அங்குல விளிம்பு ஆகிய யாவும் அதில் பங்கு கொள்கின்றன. ஐரோப்பாவின் பெரிய போட்டிகளிற்கூட, கோலை நோக்கி அடிக்கப்படும் பந்துகளுள் ஏறத்தாழப் பத்தில் ஒன்றே கோலாகிறது. எவரும் குறுக்கே நில்லாத பெனால்டியிலும் ஏறக்குறைய நான்கில் ஒன்று வீணாகிறது. அண்மைக் காலத்தில் ஆட்டக் கணக்கர்கள், எத்தனை கோல் விழுந்தது என்று எண்ணுவதோடு நில்லாமல், உதைத்த இடத்தையும் கோணத்தையும் வைத்து, அத்தகைய வாய்ப்புகள் எத்தனை முறைக்கு ஒருமுறை கோலாகின்றன என்றும் கணக்கிடுகின்றனர். வாய்ப்பின் தரம் வேறு, அதன் முடிவு வேறு என்பதை எண்களே ஏற்றுக்கொண்டுவிட்டன.

நம் மாரியப்பன் 2016இல் ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். உயரம் தாண்டுதலின் இயல்பை எண்ணிப் பாருங்கள். வென்றவரும் இன்னும் உயரே முயன்று, கோலைத் தட்டிவிட்டுத்தான் பெரும்பாலும் களத்தை விட்டு வெளியேறுகிறார். இறுதித் தாண்டலை மட்டும் கண்டவருக்குத் தங்கம் வென்றவரும் தவறியவராகவே தோன்றுவார்.

இனி, நம் மார்க்கம் இதனை எங்ஙனம் நோக்குகிறது என்பதைக் காண்போம். திருக்குர்ஆனின் அன்ஃபால் அத்தியாயம் பத்ருப் போரைப் பேசுமிடத்து, எறிந்த கைக்கும் அவ்வெறிதலின் விளைவுக்கும் இடையே நுட்பமானதொரு வேறுபாட்டைக் காட்டுகிறது. எறிதல் மனிதனுக்கு உரியதாகவும், அது சென்று சேர்தல் இறைவனுக்கு உரியதாகவும் விரிவுரையாளர் பலர் அதனை விளக்கினர். இமாம் அபுல் ஹஸன் அஷ்அரீ (ரஹ்) அவர்களின் வழி வந்தோர் 'கஸ்பு' என்னும் சொல்லால் இதனை வகுத்துரைத்தனர்: படைப்பவன் இறைவன், தன் விருப்பாலும் முயற்சியாலும் செயலை ஈட்டிக்கொள்பவன் மனிதன். மறுமையில் கேள்வி கேட்கப்படுவது அவன் ஈட்டியதைப் பற்றியே. மேலும், செயல்களின் மதிப்பு நிய்யத்தைப் பொறுத்தது என்பது நம் மக்தபுகளில் பயிலும் பிள்ளைகளும் அறிந்த பாடமல்லவா?

'அப்படியாயின் முயற்சி எதற்கு? எல்லாம் அவன் செயல் என்று உட்கார்ந்துவிடலாமே' என்று ஒருவர் கேட்கலாம். இந்த ஐயத்தை இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தவக்குலைப் பற்றி எழுதியவிடத்துத் தீர்த்து வைத்துவிட்டார்கள். பசித்தவன் முன்னே உணவிருக்க, கை நீட்டாமல் காத்திருப்பது இறைநம்பிக்கையாகாது. அறிவின்மையே ஆகும் என்பது அவர்கள் கருத்து. ஒட்டகத்தைக் கட்டிவைத்த பின்னரே இறைவனை நம்புமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்திய நிகழ்ச்சியும் யாவரும் அறிந்ததே. ஊன்றுகாலை ஒழுங்காக ஊன்றப் பழகாதவன், பந்து வெளியே போனதும் விதியின்மீது பழி போடுவானாயின், அவன் ஒட்டகத்தைக் கட்டாதவன்.

இத்தத்துவத்துக்கு நம் பகுதியிலேயே எளிய உவமை ஒன்றுண்டு. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் இந்தியாவின் மூலை முடுக்கெல்லாம் சென்று ஆழ்துளைக் கிணறு போடுவதை நாடறியும். ரிக்காரருக்குக் கூலி அடிக்கணக்கில். தண்ணீர் வந்தாலும் வாராவிட்டாலும் போட்ட அடிக்குப் பணம் உண்டு. ஆனால் துளை கோணலாகப் போனால், சொன்ன ஆழத்துக்கு முன்பே நிறுத்திவிட்டால், உழவர் விடமாட்டார். தண்ணீர் வரவில்லையே என்று கண்கலங்கும் உழவர்கூட, துளை நேராக இறங்கியிருக்குமாயின் ரிக்காரரைப் பழிப்பதில்லை. வேலைக்கு ஒரு கணக்கு, விளைவுக்கு வேறொரு கணக்கு என்பதைப் படிப்பறிவில்லாதவரும் இங்கே அறிந்திருக்கின்றனர். நிலத்துக்குக் காட்டும் இந்த நீதியை நம் பிள்ளைகளுக்குக் காட்டத்தான் நாம் மறந்துவிடுகிறோம். மதிப்பெண்ணை வைத்தே மாணவனை அளக்கும் விடுதிப் பள்ளிகளுக்குப் பெயர்பெற்ற நாமக்கல் வட்டாரத்தில், அந்த அளவுகோல் வகுப்பறையிலிருந்து மைதானத்துக்கும் நடந்து வந்துவிட்டது.

இங்கே ஒரு தடை எழுப்பப்படும். அது வலுவான தடையே. 'கோல் அடிப்பதுதானே ஆட்டத்தின் நோக்கம்? முடிவு முக்கியமன்று என்று சொல்லிக் கொடுத்தால் பிள்ளைகள் சோம்பேறிகளாகி விடமாட்டார்களா? உலகம் முடிவைத்தானே கேட்கிறது?' என்பார்கள்.

முடிவு முக்கியமன்று என்று நாம் சொல்லவில்லை. தவறுதல் அனைத்தும் ஒரே வகையினவல்ல என்றே சொல்கிறோம். பழகாமையால் தவறுவது ஒன்று. அது சோம்பலின் விளைவு, கண்டிக்கத் தக்கது. தேர்வுப் பிழையால் தவறுவது மற்றொன்று. தோழன் ஒருவன் காவலின்றிக் கோலுக்கு முன்னே நிற்க, பெயருக்கு ஆசைப்பட்டுத் தானே அடிப்பது போன்றது. இது திருத்தத் தக்கது. சில வேளைகளில் கண்டிக்கவும் தக்கது. செய்ய வேண்டியவற்றை எல்லாம் செய்தும் பந்து கம்பத்தில் பட்டு வெளியேறுவது மூன்றாம் வகை. இதற்குக் கண்டனம் கூறுவது அநீதி. மூன்றையும் ஒரே வசைச்சொல்லால் அடிக்கும் பயிற்சியாளர் கண்டிப்பானவர் என்று பெயர் பெறலாம். உண்மையில் அவர் பகுத்துப் பார்க்கும் உழைப்பைத் தட்டிக் கழிக்கும் சோம்பேறியே ஆவார்.

நம் ஃபிக்ஹு மரபில் இந்தப் பகுப்பு புதிதன்று. நெஞ்சறிய முயன்று ஆராய்ந்து தீர்ப்பளிக்கும் நீதிபதி சரியான முடிவை எட்டினால் அவருக்கு இரு மடங்கு நற்கூலி. முயன்றும் தவறினால் ஒரு பங்கு நற்கூலி என்னும் கருத்து நபிமொழியை அடியாகக் கொண்டது. இதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. தவறியவருக்கும் கூலி உண்டு. ஆயினும் சரியாக முடித்தவருக்குக் கூடுதல் உண்டு. முடிவு புறக்கணிக்கப்படவில்லை, முயற்சி அதனால் விழுங்கப்படவுமில்லை.

இதைவிடக் கடினமான சோதனை ஒன்று பயிற்சியாளருக்குக் காத்திருக்கிறது. தவறான உதை கோலாகிவிடும்போது அவர் என்ன செய்கிறார்? தோழனுக்குத் தராமல், கண்ணை மூடிக்கொண்டு அடித்த பந்து எதிரணிச் சிறுவன் ஒருவனின் முழங்காலில் பட்டு உள்ளே போய்விடுகிறது. மைதானம் ஆர்ப்பரிக்கிறது. அப்பொழுது கையைத் தட்டிவிட்டுப் பேசாமல் இருப்பவர், நாளை அதே உதை வெளியே போகும்போது கண்டிக்கும் உரிமையை இழந்துவிடுகிறார். வெற்றியின் நடுவே, சிறுவனைத் தனியே அழைத்து, 'கோல் விழுந்தது மகிழ்ச்சி. ஆனால் உன் தோழன் தனியே நின்றானே, பார்த்தாயா?' என்று மெல்லக் கேட்பவரே நீதிமான். தோற்றவனைக் கண்டிக்க எவராலும் இயலும். வென்றவனைத் திருத்தத்தான் நெஞ்சுரம் வேண்டும்.

வரலாறும் இதற்குச் சான்று பகர்கிறது. 1948ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில், விடுதலை பெற்ற ஓராண்டுக்குள் இந்தியா பிரான்சை எதிர்த்து ஆடியது. நம்மவர் பலர் வெறுங்காலுடன் ஆடினர். சாரங்கபாணி ராமன் ஒரு கோல் அடித்துச் சமன் செய்தார். ஆனால் கிடைத்த இரண்டு பெனால்டிகளும் கோலாகவில்லை. 2-1 என்னும் கணக்கில் இந்தியா தோற்றது. பெனால்டியைத் தவறவிட்ட இருவருள் ஒருவர் சைலேன் மன்னா. அன்றைக்கு அவரை ஒதுக்கித் தள்ளியிருந்தால் கேட்பார் இருந்திருக்க மாட்டார். ஆனால் 1951இல் புதுதில்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்திய அணியின் தலைவராக இறங்கியவர் அதே மன்னாதான். இறுதியாட்டத்தில் ஈரானை 1-0 என வென்று இந்தியா தங்கம் பெற்றது.

அந்த அணியின் பயிற்சியாளர் ஹைதராபாத்தின் சையத் அப்துல் ரஹீம். ஆசிரியத் தொழிலில் இருந்தவர். 1950 முதல் 1963இல் மறையும்வரை இந்திய அணியைப் பயிற்றுவித்து, 1956இல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடத்தையும், 1962இல் ஜகார்த்தாவில் மீண்டும் ஆசியத் தங்கத்தையும் பெறச் செய்தவர். ஆட்டக்காரர்கள் தங்கள் பலவீனமான காலை மட்டுமே பயன்படுத்தி ஆட வேண்டும் என்னும் விதியுடன் அவர் போட்டிகள் நடத்தியதைக் கால்பந்து வரலாறு எழுதியோர் குறித்துள்ளனர். இதன் நுட்பத்தைச் சிந்தியுங்கள். பலவீனமான காலால் ஆடும்போது எல்லாருமே தவறுவர். தவறுவதற்கென்றே ஒரு களத்தை அமைத்துக் கொடுத்தார் அந்த ஆசிரியர். அங்கே தவறுவது வெட்கமன்று, பயில்வதன் அடையாளம்.

அண்மைக் காலத்தில் இன்னொரு சான்று. 2002ஆம் ஆண்டு ஆப்பிரிக்கக் கோப்பை இறுதியாட்டத்தில் கேமரூனிடம் செனகல் பெனால்டி முறையில் தோற்றது. செனகல் அணித் தலைவர் அலியூ சிஸ்ஸே தம் பெனால்டியைத் தவறவிட்டார். பின்னாளில் அவரே அந்நாட்டின் பயிற்சியாளர் ஆனார். 2022 பிப்ரவரியில் எகிப்துடன் இறுதியாட்டம். ஏழாம் நிமிடத்தில் கிடைத்த பெனால்டியைச் செனகலின் சாடியோ மானே அடித்தார். கோல் கீப்பர் தடுத்துவிட்டார். ஆட்டம் கோலின்றி முடிந்து, மீண்டும் பெனால்டி முறைக்குச் சென்றது. கோப்பையைத் தீர்மானிக்கும் உதையை அடிக்க அதே மானே வந்தார். அடித்தார்; செனகல் முதன்முறையாகக் கோப்பையை வென்றது. ஏழாம் நிமிடத்துத் தவறு அவரை அன்றைய இரவு முழுவதற்கும் குற்றவாளியாக்கிவிடவில்லை. தவறுதலின் கசப்பைத் தாமே அறிந்த ஒருவர் பயிற்சியாளராக ஓரத்தில் நின்றிருந்தார் என்பது எண்ணத் தக்கது.

வசைக்கு அஞ்சும் சிறுவன் என்ன கற்றுக்கொள்கிறான் என்பதையும் பார்ப்போம். அவன் நன்றாக உதைக்கக் கற்றுக்கொள்வதில்லை. உதைக்காமல் தப்பிக்கக் கற்றுக்கொள்கிறான். கோலுக்கு முன்னே பந்து கிடைத்தும் பக்கத்தில் இருப்பவனுக்குத் தள்ளிவிடுகிறான். பார்ப்பவர்கள் அதனைப் பெருந்தன்மை என்கின்றனர்; அது அச்சமே. பகிர்ந்து கொடுத்தல் வேறு, பொறுப்பைக் கைமாற்றிவிடுதல் வேறு. வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றே. நிய்யத்தில் அவை கிழக்கும் மேற்கும். மைதானத்தில் இவ்வாறு பொறுப்பைத் தள்ளிவிடப் பழகியவன், நாளை அலுவலகத்திலும் குடும்பத்திலும் ஜமாஅத்திலும் அதனையே செய்வான். ஒரு முதற்சொல்லின் விளைவு இவ்வளவு தூரம் செல்கிறது.

அம்பெய்தலை நம் நபி (ஸல்) அவர்கள் ஊக்குவித்தார்கள். ஓர் அம்பின் பொருட்டு அதனை நல்லெண்ணத்துடன் செய்தவர், எடுத்துக் கொடுத்தவர், எய்தவர் ஆகிய மூவரும் நற்பேறு பெறுவர் என்னும் கருத்து நபிமொழித் தொகுப்புகளில் வந்துள்ளது. அறப்போரைப் பற்றிய சொல்லை விளையாட்டின்மீது அப்படியே ஏற்றிவிடலாகாது. ஆயினும் அது உணர்த்தும் நீதி மைதானத்துக்கும் பொருந்தும்: ஒரு கோலுக்கு உரியவர் ஒருவர் மட்டுமல்லர். பந்தைப் பறித்தவன், கடத்தியவன், கொடுத்தவன், கற்பித்தவர் அனைவரும் அதில் பங்காளிகள். பெருமையில் பங்குண்டு என்றால் தவறுதலின் பாரத்திலும் பங்கு இருக்க வேண்டுமல்லவா? கோல் விழும்போது பதினொருவரும் ஓடிவந்து கட்டித் தழுவுகின்றனர். தவறும்போது அவன் தனியே நிற்கிறான். கட்டித் தழுவ வேண்டிய நேரம் உண்மையில் எது?

கோல் அடித்தவுடன் தரையில் நெற்றி பதித்து ஸஜ்தா செய்யும் முஸ்லிம் ஆட்டக்காரர்களைத் தொலைக்காட்சியில் கண்டு நம் பிள்ளைகளும் அவ்வாறே செய்கின்றனர். நன்றியுணர்வு நல்லதே. ஆனால் நன்றிக்கு ஷுக்ரு உண்டென்றால் இழப்புக்கு ஸப்ரு உண்டு; இரண்டும் ஈமானின் இரு பக்கங்கள். கோலுக்கு ஸஜ்தாவும் தவறுதலுக்கு வசையும் என்றால், கொடுக்கும்போது மட்டுமே இறைவனை ஒப்புக்கொள்ளும் பழக்கத்தைக் குழந்தையின் உள்ளத்தில் விதைத்தவர்களாவோம். பந்து வெளியே போனதும் பெருமூச்சு ஒன்றை விட்டுவிட்டு, 'அல்ஹம்துலில்லாஹ்' என்று தன் இடத்துக்குத் திரும்பி ஓடும் சிறுவன், கோலுக்குப்பின் நெற்றி பதித்தவனுக்கு எவ்வகையிலும் குறைந்தவனல்லன்.

நடைமுறையில் இதனைச் செயற்படுத்தப் பெருஞ்செலவு ஆகாது. இருபது பிள்ளைகளை ஒரே வரிசையில் நிறுத்தி, ஒருவன் உதைக்கப் பத்தொன்பது பேர் வேடிக்கை பார்க்கும் வழக்கத்தை முதலில் கைவிட வேண்டும். அவ்வரிசையில் ஒருவனுக்கு ஒரு மாலையில் கிடைப்பது சில உதைகளே. அதுவும் அனைவர் கண்ணுக்கும் முன்னே. நான்கைந்து பேர் கொண்ட சிறு குழுக்களாகப் பிரித்து, கற்களையோ செருப்புகளையோ கோலாக வைத்தால் ஒவ்வொருவனும் பன்மடங்கு உதைப்பான்; தவறுதல் அங்கே இயல்பாகிவிடும். எட்டு முதல் பன்னிரண்டு வயதினருக்குப் பெரியவர்களின் பந்தைக் கொடாமல் நான்காம் எண் பந்தைக் கொடுக்க வேண்டும். சுமக்க இயலாததைச் சுமத்தாமையும் நீதியே. கோல்களை எண்ணுவதோடு, ஊன்றுகால் சரியாகப் பதிந்த உதைகளையும் எண்ணிச் சொல்லலாம். தவறியவனிடம், 'என்னடா அடித்தாய்?' என்பதற்கு மாறாக, 'அடிக்குமுன் என்ன பார்த்தாய் தம்பி?' என்று கேட்கலாம். முதற்கேள்வி அவன் தலையைக் குனியச் செய்யும். இரண்டாம் கேள்விக்கு விடை தேடி அவன் தலையை நிமிர்த்தியாக வேண்டும்.

இறுதியாக, பயிற்சியாளரின் நிலையை எண்ணிப் பார்க்கிறேன். கோப்பை இல்லையென்றால் அவரையும் நிர்வாகம் கேள்வி கேட்கிறது. பெற்றோர் முகம் சுளிக்கின்றனர். தம்மீது விழும் அநீதியைத்தான் அவர் பல வேளைகளில் சிறுவன்மீது இறக்கி வைக்கிறார். அவரும் ஒரு வகையில் கோலுக்கு முன்னே நிற்பவரே. அவர் பயிற்றுவித்த பிள்ளைகளுள் ஒருவன் மாநில அணிக்குப் போகலாம். ஒருவன் லாரி ஓட்டலாம். ஒருவன் துபாய்க்குச் செல்லலாம். மற்றொருவன் கால்பந்தையே மறந்துவிடலாம். அவர்கள் எங்கே சென்று சேர்வார்கள் என்பது அவர் கையில் இல்லை. ஊன்றுகாலை நேராகப் பதிக்கவும், கண்ணைத் தாழ்த்திப் பந்தைப் பார்க்கவும், தவறிய பின்னும் அடுத்த பந்தைக் கேட்டு வாங்கவும் கற்றுக்கொடுத்தாரா என்பதே அவருடைய கணக்கில் எழுதப்படும். அந்தக் கணக்கை நேர்மையாக எழுதிவைக்கும் ஆசிரியர்களை நம் ஊர்களுக்கு அல்லாஹ் மிகுதியாகத் தந்தருள்வானாக!